ஆடிட்டர் ஆபீஸை விட்டு வருகிறேன். என் பார்ட்டிகளைக் கூப்பிடலாமா?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 36. பி.காம். படித்தவர். 12 பேர் வேலை செய்யும் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் 11 வருடமாக இருக்கிறார். சம்பளம் 24,000 ரூபாய். கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகள், விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகள், மேலூர் பக்கம் ஒரு அரிசி ஆலை என்று ஏறத்தாழ 60 பார்ட்டிகளின் (ஆபீஸின் வாடிக்கையாளர்களை அப்படித்தான் சொல்வார்கள்) கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் அவர் கையில். ஆடிட்டரின் மகன் பொறுப்புக்கு வந்த பிறகு சம்பள உயர்வு நின்றுவிட்டது, மரியாதையும் குறைந்துவிட்டது. திருநகரில் தன் வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு ஆபீஸ் போட நினைக்கிறார். “நீ எங்க போறியோ அங்க எங்க பில்லும் வரும்மா” என்று நாலைந்து கடைக்காரர்கள் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

பயம் இரண்டு. வேலையில் சேர்ந்தபோது முத்திரைத்தாளில் ஒரு ஒப்பந்தம் (பாண்ட்) எழுதி வாங்கியிருக்கிறார்கள். வேலையை விட்ட பிறகு 3 வருடத்துக்கு ஆபீஸின் பார்ட்டி எவரையும் அணுகக் கூடாது, அவர்களுக்கு வேலையும் செய்யக் கூடாது, மீறினால் 5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. டிகிரி சான்றிதழின் ஒரிஜினலும் ஆபீஸ் பீரோவில்தான். “பாண்ட் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு” என்று ஆடிட்டரின் மகன் ஒரு பத்திரிகைச் செய்தியையும் காட்டியிருக்கிறார். இன்னொரு பக்கம், “அந்த பாண்டெல்லாம் குப்பை, டேலி டேட்டாவ பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டு வா” என்கிறாராம் ஒரு தோழி; டேலி என்பது கணக்கு எழுதும் சாஃப்ட்வேர். யார் சொல்வது சரி என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

இரண்டு பேர் சொல்வதும் பாதிதான் சரி. தோழியின் பேச்சைக் கேட்டால்தான் ஆபத்து அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாண்டைப் பார்த்து நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பென் டிரைவைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

அந்த 3 வருடத் தடை

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27ஆம் பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒரு கடையை அதன் நற்பெயரோடு சேர்த்து விற்றவர் பக்கத்திலேயே அதே கடையைப் போடக் கூடாது என்பது போன்ற விதிவிலக்கு உண்டு. உங்கள் விஷயம் அதில் வராது. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கு நினைவிருக்கலாம். அவருடைய விளம்பர ஒப்பந்தங்களைக் கவனித்த நிறுவனம், தங்களோடு போட்ட ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வேறொருவரிடம் போகும் முன் தங்களிடம்தான் முதலில் வர வேண்டும் என்றது. 2006-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் தொடரும் தடைக்கு 27ஆம் பிரிவு இடம் கொடுக்காது என்றது. ஆகவே “வேலையை விட்ட பிறகும் இந்த 60 பேருக்கு நீ வேலை செய்யக் கூடாது” என்ற வரி நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

ஆடிட்டரின் மகன் காட்டிய செய்தியும் உண்மையான செய்திதான். 2025 மே மாதம் வந்த தீர்ப்பு அது. வங்கி ஊழியர் ஒருவர் 3 வருடம் வேலை பார்ப்பதாகவும், இடையில் விட்டுப் போனால் 2 லட்சம் ரூபாய் கட்டுவதாகவும் எழுதிக் கொடுத்திருந்தார். அது செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அது வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றிய பாண்ட். நீங்கள் 11 வருடம் இருந்துவிட்டீர்கள். உங்களைக் கட்டும் தீர்ப்பு அதில் இல்லை.

5 லட்சம் என்று எழுதியிருப்பதும் அப்படியே கட்ட வேண்டிய தொகை என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். செல்லுபடியாகும் நிபந்தனையை மீறினால்கூட, அதற்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் நீதிமன்றம் கொடுக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் இரண்டு தடைகள் சேர்ந்து கிடக்கின்றன. “வேலை செய்யக் கூடாது” ஒன்று, “அணுகக் கூடாது” மற்றொன்று. முதலாவது பலவீனமானது என்று சொல்லிவிட்டேன். நீங்களாகத் தேடிப் போய் பார்ட்டியை இழுக்கக் கூடாது என்ற இரண்டாவது தடையில் எல்லா நீதிமன்றங்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. இதுவும் தொழில் தடைதான் என்று தள்ளியதும் உண்டு, வரம்புக்குள் இருந்தால் ஏற்றுக்கொண்டதும் உண்டு. கடைக்காரர் தானாக உங்களைத் தேடி வந்தார் என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு 60 பேருக்கும் நீங்கள் போன் போட்டீர்கள் என்றால் அந்தப் பலம் குறையும். உங்களுக்கு வாய்விட்டுச் சொன்னவர்களே நாலைந்து பேர் இருக்கும்போது, முதல் சில மாதங்களுக்கு யாரையும் தேடிப் போகாதீர்கள் என்பதே என் யோசனை.

சம்பளம் வாங்கும் நாள் வரை

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி இது: “நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பார்ட்டியையும் பார்த்துச் சொல்லி வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.” தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வேலையில் இருக்கும் காலத்தில் முதலாளிக்கு எதிராக இயங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு செல்லும் என்பதை 1967-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாவிட்டாலும், அவர் சம்பளத்தில் அவர் நேரத்தில் அவர் பார்ட்டியை உங்கள் பக்கம் திருப்புவது நம்பிக்கைத் துரோகம்தான்.

இதே மாதிரி ஒரு பையனுக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். வேலை தெரிந்த பையன், கெட்ட எண்ணம் கிடையாது. அவனுடைய பழைய முதலாளியின் வக்கீல் தாக்கல் செய்த கட்டில் முதல் தாளே ஒரு வாட்ஸ்அப் படம். “அண்ணே, அடுத்த மாசத்துலருந்து பில்ல என்கிட்டயே குடுத்துருங்க” என்று அவன் ஒரு கடைக்காரருக்கு அனுப்பியது. நேரம் காலை 11:40, ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் அன்றைக்கு ஆபீஸில் இருந்தான் என்பதற்கு வருகைப் பதிவேட்டின் நகல் அடுத்த தாள். அந்தக் கடைக்காரர் வேண்டுமென்றே காட்டிக் கொடுக்கவில்லை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி முதலாளியிடம் பேரம் பேசும்போது அந்த மெசேஜைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். உங்களிடம் ஆசையாகப் பேசும் அண்ணாச்சியும் வியாபாரி என்பதை மறக்க வேண்டாம்.

வேலையில் இருந்துகொண்டே செய்யக்கூடிய காரியங்களும் நிறைய இருக்கின்றன. வீட்டு முன்னறையைத் தயார் செய்யலாம், மேசை நாற்காலி வாங்கலாம், டேலி உரிமம் விசாரிக்கலாம். பி.காம். படித்திருப்பதால் மற்றவர்களுக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி பிராக்டிஷனராகப் பதிவு செய்ய உங்களுக்குத் தகுதி இருக்கிறது. பிசிடி-01 படிவத்தில் விண்ணப்பித்தால் பிசிடி-02 சான்றிதழ் வரும். அப்புறம் உங்களிடம் வருகிறவர்கள் பிசிடி-05 மூலம் முறையாக உங்களை நியமிக்கலாம். அடுத்தவர் லாகினில் புகுந்து வேலை பார்ப்பதைவிட இது உங்களுக்கும் பாதுகாப்பு.

பென் டிரைவ்

“அந்த டேட்டாவை எல்லாம் நான்தானே டைப் அடித்தேன், அது என் உழைப்புதானே” என்று கேட்கிறீர்கள். உழைப்பு உங்களுடையதுதான். அதற்குச் சம்பளம் வாங்கிவிட்டீர்கள். விளைந்த டேட்டா ஆபீஸின் பொறுப்பில் இருக்கிறது, அதிலுள்ள கணக்கு பார்ட்டிக்குச் சொந்தம். அதில் உங்கள் பங்கு இல்லை.

ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அனுமதியில்லாமல் தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவில் வரும். இழப்பீடு கேட்கலாம். நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாக நிரூபித்தால் 66ஆம் பிரிவு. 3 வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் எழுதுபவர்கள் அதோடு நம்பிக்கை மோசடியையும் சேர்த்தே எழுதுவார்கள். பென் டிரைவைச் செருகிய நாளும் நேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும். பார்ட்டி பெயர், முகவரி, போன் நம்பர் பட்டியலை மட்டும் எடுப்பதும் சின்ன விஷயம் இல்லை. தபால் வழி வியாபாரம் செய்த ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் முகவரித் தொகுப்பை முன்னாள் ஊழியர் எடுத்துச் சென்று பயன்படுத்தியபோது, அந்தத் தொகுப்புக்குப் பதிப்புரிமை உண்டு என்று 1995-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

தலையில் இருப்பது வேறு. கீழமாசி வீதியில் எந்தக் கடை எங்கே இருக்கிறது, எந்த அண்ணாச்சி மாதம் 5ஆம் தேதி மஞ்சப்பையில் பில்லைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்ப்பார் என்பதெல்லாம் 11 வருடத்தில் உங்கள் மனதில் ஏறியது. அதை யாரும் பிடுங்க முடியாது. கடைகளின் பெயர்ப்பலகை ரோட்டைப் பார்த்துத்தான் தொங்குகிறது.

அப்படியானால் பழைய கணக்கு இல்லாமல் புதிதாக எப்படித் தொடங்குவது? வழி இருக்கிறது, அது பார்ட்டி வழியாக. தன் கணக்கைக் கேட்டு வாங்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு. உங்களிடம் வர முடிவு செய்தவர், தன் கடை லெட்டர்பேடில் “எங்கள் டேலி பேக்கப், இதுவரை தாக்கல் செய்த ரிட்டர்ன் நகல்கள், எங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் (டிஎஸ்சி) ஆகியவற்றைத் தரவும்” என்று ஆடிட்டருக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கி வரட்டும். அவர் கையிலிருந்து நீங்கள் வாங்கினால் அதில் ஒரு குற்றமும் இல்லை. ஒரு வாரம் தாமதமாகலாம். பரவாயில்லை.

ஆபீஸுக்கு அவர் கட்டண பாக்கி வைத்திருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பாக்கியைக் கொடுக்காமல் தப்பிப்பதற்காகவே ஆளை மாற்றுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்று அங்கே பாக்கி வைத்தவர் நாளை உங்களிடமும் வைப்பார்.

உங்கள் போனுக்கு வரும் ஓடிபி

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். ஆபீஸ் சிம் எப்போதும் யாரிடமாவது மாட்டிக்கொண்டிருந்ததால், 14 பார்ட்டிகளின் ஜிஎஸ்டி பதிவில் உங்கள் சொந்த நம்பரையே கொடுத்திருக்கிறீர்கள். “அது என்னிடம் இருக்கும்வரை அவர்கள் எங்கும் போக முடியாது” என்று தோழி சொன்னாராம். மொத்தக் கடிதத்திலும் எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான்.

நீங்கள் வேலையை விட்ட மறுமாதத்தை யோசித்துப் பாருங்கள். 11ஆம் தேதி விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி. உங்கள் இடத்தில் உட்காரும் புதுப்பெண் விளக்குத்தூண் ஜவுளிக்கடையின் ரிட்டர்னைத் தயார் செய்து வைத்துவிட்டு ஓடிபிக்குக் காத்திருப்பாள். ஓடிபி உங்கள் சமையலறை மேடையில் இருக்கும் போனில் வந்து விழும். நீங்கள் சொல்லாவிட்டால் ரிட்டர்ன் நிற்கும். வரி உள்ள ரிட்டர்னுக்குத் தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஆபீஸை விட அந்தக் கடைக்காரர்தான் அடிபடுவார். நீங்கள் ஓடிபியைச் சொன்னாலும் சிக்கல்தான். நாளை அந்த ரிட்டர்னில் தப்பு வந்தால் “இவர் ஒப்புதலோடுதான் போனது” என்று உங்கள் பெயர் இழுபடும். வேலையை விட்ட பிறகு நீங்களே அதை வைத்து உள்ளே நுழைந்தால் அது அனுமதியில்லாத நுழைவு.

மூன்றில் எதுவும் உங்களுக்கு வேண்டாம். நோட்டீஸ் காலத்திலேயே 14 பேரின் பட்டியலை எழுதி ஆடிட்டரிடம் கொடுத்து, “இவற்றில் என் நம்பர் இருக்கிறது, மாற்றிக் கொள்ளவும்” என்று கையெழுத்து வாங்குங்கள். பதிவு விவரத் திருத்தத்தில், அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரரின் மொபைல், மின்னஞ்சலை மாற்ற வசதி இருக்கிறது. ஆபீஸ் நம்பருக்கு மாற்றுவதைவிட கடைக்காரரின் சொந்த நம்பருக்கே மாற்றுவது நல்லது. மற்ற கடைக்காரர்களும் இதைப் படித்தால் கவனியுங்கள்: உங்கள் ஜிஎஸ்டி பதிவில் யாருடைய நம்பர் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். லாகினே கையில் இல்லை என்றால், தகுந்த ஆவணங்களோடு உங்கள் சரகத்து வரி அலுவலரிடம் போனால், மொபைலையும் மின்னஞ்சலையும் மாற்றிக் கொடுக்க முறை இருக்கிறது.

சான்றிதழும் நீங்கள் கேட்காத ஒன்றும்

ஊழியரின் ஒரிஜினல் டிகிரி சான்றிதழைப் பிணையாகப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. ராஜினாமா கொடுக்கும்போதே அதைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். தராவிட்டால் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அதற்கும் அசையாவிட்டால் வக்கீல் நோட்டீஸ். அதற்குச் செலவாகுமே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-படி, பெண்களுக்கு வருமானம் பார்க்காமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் பேசினாலும் வழி சொல்வார்கள்.

நீங்கள் கேட்காதது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 10 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவர் ராஜினாமா செய்தாலும் அது சேர வேண்டிய பணம். வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கு. கணக்கில் சேரும் சம்பளம் 18,000 என்று வைத்தால்கூட 11 வருடத்துக்கு ஏறத்தாழ 1,14,000 ரூபாய் வரும். ஆபீஸ் போட உங்களுக்குத் தேவையான முதல் பணம் அதுவே. தரவைத் திருடியதாகச் சொல்லி உங்களைப் பணிநீக்கம் செய்தால், அதைக் காட்டி இந்தப் பணத்தையும் மறுக்கப் பார்ப்பார்கள். பென் டிரைவ் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளியே வந்த பிறகு

ரிலீவிங் ஆர்டர் கையில் வந்த பிறகு வாசலில் போர்டு மாட்டுங்கள். அதில் “ஆடிட்டர்” என்ற சொல் வேண்டாம். ஊரில் கணக்கு எழுதுகிற எல்லோரையும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் அல்லாதவர் அப்படித் தோன்றும்படி தொழில் நடத்தினால் சட்டப்படி தண்டனை உண்டு. “வரி ஆலோசகர், ஜிஎஸ்டி பிராக்டிஷனர்” என்பது உங்களுக்குப் பொருந்தும். மேலூர் அரிசி ஆலை போன்ற பெரிய பார்ட்டிக்கு வரித் தணிக்கை தேவைப்பட்டால் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கையெழுத்து இல்லாமல் முடியாது. அதனால் அவர் மொத்தமாக உங்களிடம் வந்துவிடுவார் என்று கணக்குப் போட வேண்டாம். மாதாந்தரக் கணக்கு உங்களிடமும் தணிக்கை பழைய இடத்திலுமாகக்கூட அது அமையலாம். அதற்காகவாவது பழைய ஆபீஸோடு பேச்சுவார்த்தை அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகத் தொழில் தொடங்கியிருக்கிறேன் என்று பொதுவாக எல்லோருக்கும் தெரியும்படி சொல்லலாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். பழைய ஆபீஸின் வேலையைக் குறைத்துப் பேச வேண்டாம். “அங்க தப்புத் தப்பா ஃபைல் பண்ணுவாங்க” என்று ஒரு கடையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் நாலு கடை தாண்டிப் போய்விடும், அவதூறு வழக்குக்கும் அது போதும். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் அழைத்து வர நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள்.

ராஜினாமாவை 3பி தாக்கல் முடிந்த பிறகு, 23ஆம் தேதி வாக்கில் கொடுங்கள். ஒரு மாத நோட்டீஸ் என்றால் அடுத்த மாதத்து ரிட்டர்னையும் முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வரலாம். உங்கள் மேசை டிராயரில் பெயர் ஒட்டிக் கிடக்கும் டிஎஸ்சி டோக்கன்களை எண்ணி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். இடையில் அண்ணாச்சி யாராவது மறுபடி கேட்டால், “அண்ணாச்சி, நான் இன்னும் இங்கதான் வேலை பாக்குறேன். இப்ப அதப் பத்திப் பேச வேணாம்” என்று சொன்னால் போதும். அவர் புரிந்துகொள்வார்.

ராஜினாமா கொடுப்பதற்கு முன் அந்த முத்திரைத்தாள் ஒப்பந்தத்தின் நகலை ஒரு வக்கீலிடம் நேரில் காட்டுங்கள், ஏனென்றால் நீங்கள் எழுதியனுப்பிய வரிகளை மட்டும் வைத்தே நான் பேசியிருக்கிறேன். நகல் உங்களிடம் இல்லையென்றால் ஆபீஸில் கேட்டு வாங்குங்கள். அந்த 14 பேர் பட்டியலுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதை இன்று ராத்திரியே எழுதத் தொடங்கிவிடலாம்.